சுவரோரம் ஒரு மேசை

பதினாறாவது வருசம்.
இந்த முறை இடத்தை நான்தான் தெரிவேன் என்று
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
போன வருசம் அவர் தெரிந்த இடத்தில்
சூப் வருவதற்குள் மழை வந்தது.

மதிய இடைவேளை.
பழைய வவுச்சர் ஒன்றின் பின்புறம்
பெயர்களை எழுதி எழுதி வெட்டுகிறேன்.

கொள்ளுப்பிட்டியில் பதினெட்டாம் மாடி.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் எல்லாம்
விளக்குப் போட்டு நிற்குமாம்.
ஆனால் அங்கே காற்று
சொல்லைப் பாதியில் பறித்துக்கொண்டு போய்விடும்.
வெட்டு.

காலிமுகத்திடல் பக்கத்துப் பெரிய ஹோட்டல்.
நாற்பது வகைக் கறி.
கிற்றாரோடு நாலு பேர் மேசை மேசையாய் வந்து
என்ன விசேஷம் என்று விசாரித்து
அதையே பாட்டாக்கிப் பாடுவார்கள்.
வெட்டு.

கல்கிசையில் மணலுக்குள் கால் புதைய மேசை.
நிரோஷினி போய்வந்து படம் காட்டினாள்.
படத்தில் அலைக்குச் சத்தமில்லை.
அதையும் வெட்டு.

எங்கள் ஒழுங்கை முனைத் தோசைக்கடை
வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்கடை.

"விலையப் பாக்கிறீங்களா, மெனுவப் பாக்கிறீங்களா?"
அடுத்த மேசை பரீனா எட்டிப் பார்த்தாள்.
சத்தத்தைப் பார்க்கிறேன் என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அவருக்கு இடது காது இல்லை.
காது இருக்கிறது,
சின்ன வயதில் குத்திய துளைகூடத் தெரிகிறது.
உள்ளேதான் ஆளில்லை.
எந்த ஊரில், எந்த வருசம் போனது என்று
அவர் சொன்னதில்லை,
நான் கேட்டதுமில்லை.

தாலி கட்டி முடிந்ததும் ஐயர் என்னை எழுப்பி
அவருக்கு இடப்பக்கம் மாற்றி இருத்தினார்.
அன்று பின்னேரம் வரைக்கும்
நான் குனிந்து குனிந்து சொன்னது எதற்கும்
பதிலே இல்லை.
வாய்த்தது ஒரு பேசாமடந்தை என்று
மனதுக்குள் எழுதி வைத்தேன்.
மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.
அன்றிலிருந்து வலப்பக்கம் நான்.
பஸ்ஸில், கட்டிலில், வங்கி வரிசையில்.
கோயிலில் மட்டும் யாராவது முறை தெரிந்தவர்
இடப்பக்கம் தள்ளிவிடுவார்.

கடைசியில் பம்பலப்பிட்டியில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு சைனீஸ் கடை.
அன்றைக்குப் போயா,
பியர் கிடையாது, ஆகவே கூட்டமும் கிடையாது.
தொலைபேசியில் பையன் கேட்டான்:
"கடல் பக்கம் தரட்டா, மிஸ்?"
சுவர் பக்கம்.
"எல்லாரும் கடலத்தான் கேப்பாங்க."
இடது கைப்பக்கம் சுவர் வரவேணும் தம்பி.
"யாருட இடது?"
நானும் கையைத் தூக்கி
எது இடது என்று பார்த்துக்கொண்டேன்.

மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் வந்தார் பவானந்தன்.
சிவப்பு விளக்கு. மீன்தொட்டியில் ஒற்றை மீன்.
கதிரையில் இருந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தார்,
வீடு வாங்க வந்தவர்போல.
"கடல் தெரியேல்லை" என்றார்.
குறையாகச் சொல்லவில்லை.

மெதுவாகக் கதைத்தேன்.
முதல் தரத்திலேயே எல்லாம் கேட்டது அவருக்கு.
மகளின் கணக்குப் புள்ளி, வீட்டு வாடகை,
பரீனா சிரித்தது.
சிரித்ததை மட்டும் சொன்னேன், ஏனென்று சொல்லவில்லை.

சோறு வந்தது, கணவாய் வந்தது.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
என் பக்கம் திரும்பி அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.
அந்த நேரம் பார்த்து
பாணந்துறைக்குப் போகிற ரயில்
கண்ணாடிக் கதவெல்லாம் அதிர
பின்புறத்தால் போனது.
ரயிலை மறந்துபோனேன்.
பட்டியல் போட்ட நான், ரயிலை.

அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது.
நீளமாகத்தான் சொன்னார்.

"என்னப்பா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு சிரித்தார், தோள் குலுங்க.
"ஒண்டுமில்லை. ஆறுது, சாப்பிடும்."

மிச்சக் கணவாயைப் பார்சல் கட்டித் தந்தார்கள்.
ஆட்டோவில் வழமைபோல் வலப்பக்கம் ஏறினேன்.
வெள்ளவத்தைச் சந்தி வரைக்கும்
பார்சல் மடியில் சுட்டுக்கொண்டிருந்தது.
திரும்பவும் நான் கேட்கவில்லை.